வெறுங்குழாய் குடித்த வாயு

என் ஆராய்ச்சி வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த மிகப் பெரிய உண்மை, வெறும் கண்ணாடிக் குழாயும் வாயுவைக் குடிக்கும் என்பதுதான். இதற்கு யாரும் பரிசு தரவில்லை. தந்திருந்தாலும் வாங்கப் போக முகம் இருந்திருக்காது.

தொண்ணூறுகளின் கடைசி. லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் ஆராய்ச்சி மாணவன் நான். ஹவுன்ஸ்லோவில் அக்கா வீட்டு மேலறையில் குடியிருந்தேன். அத்தானுக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை.

என் வேலை, உள்ளே ஓட்டைகள் நிறைந்த படிகம் செய்வது. செப்பு அணுக்களை மூட்டுகளாகவும் ஒருவகை அமில மூலக்கூறுகளைக் கம்புகளாகவும் வைத்துச் சாரம் கட்டுவதுபோல் அது தானாக வளரும். நடுவே இருக்கும் காலியிடத்தில் வாயுவைச் சேமிக்கலாம், ஒருநாள் அதில் காரே ஓட்டலாம் என்பது அப்போது பலருக்கும் இருந்த புது ஆசை. ஆனால் படிகம் வளரும்போதே அந்த ஓட்டைகளுக்குள் கரைப்பான் புகுந்து உட்கார்ந்துவிடும். சூடாக்கி, பம்ப் வைத்து உறிஞ்சி அதை வெளியேற்றினால், அநேகமான படிகங்கள் பொலபொலவென்று இடிந்துவிடும்.

என் நீலப் படிகம் இடியவில்லை. (என்று நான் நம்பினேன்.) குழாயில் வைத்து வாயுவைத் திறந்துவிட்டேன். அழுத்தமானி இறங்கியது. அழுத்தம் இறங்கினால் படிகம் வாயுவைக் குடிக்கிறது என்று அர்த்தம். இன்னும் விட்டேன். அதையும் குடித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், யாரும் கேள்விப்படாத அளவு. மனிதராக இருந்திருந்தால் வைத்தியரிடம் கூட்டிப் போயிருக்க வேண்டும். நானோ பேராசிரியரிடம் ஓடினேன்.

அந்த வாரக் குழுக் கூட்டத்தில் வரைபடத்தைத் திரையில் காட்டி, தலைக்கனத்தோடு நின்றேன். வசந்தா கை தூக்கினார். கோயம்புத்தூர்க்காரர், எனக்கு ஒரு வருடம் மூத்த மாணவி. ஆறு மாதம் பாடுபட்டு வளர்த்த அவருடைய படிகம் போன மாதம்தான் இடிந்திருந்தது. காலிக் குழாயை வைத்து ஒருமுறை அளந்து பார்த்தீர்களா என்று அமைதியாகக் கேட்டார்.

பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். "சிலருக்குத் தங்கள் படிகம் இடிந்துவிட்டால் எல்லோருடையதும் இடிய வேண்டும் என்று ஆசை" என்றேன், என் மிகச் சிறந்த ஆங்கிலத்தில். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வசந்தா குனிந்து கொப்பியில் ஏதோ எழுதினார். பேராசிரியர் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து விருந்தாளி வருகிறார், அவர் முன்னால் காலிக் குழாயையும் அளந்துவிடுவோம் என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் செய்தி ஹவுன்ஸ்லோவில் பரவிவிட்டது. இனிக் கார்கள் பெற்றோல் இல்லாமல் ஓடும் என்று அத்தான் தன் ஷிப்ட் முழுவதற்கும் அறிவித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை என்று அக்கா ஊரையே அழைத்துவிட்டாள். (லண்டனில் ஊர் என்றால் நாற்பது பேர். ஆனால் நாற்பது பேரிடமும் தொலைபேசி இருந்தது.)

வியாழக்கிழமை வந்தது. விருந்தாளியை என் அருகே நிறுத்திவிட்டு, காலிக் குழாயை மாட்டி வாயுவைத் திறந்தேன். அழுத்தம் இறங்கியது. நின்றுவிடும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. என் படிகம் குடித்ததைவிட ஒரு வாய் அதிகமாகவே வெறுங்குழாய் குடித்தது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழாய் செய்த கம்பெனிக்குப் பாராட்டுக் கடிதம் போடலாம் என்றார். விருந்தாளி நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார்.

குறையைக் கண்டுபிடித்ததும் வசந்தாதான். முந்தின மாதம் நான் கழுவி மாட்டியபோது இரண்டு கண்ணாடித் திருகுகளை இடம் மாற்றிவிட்டிருந்தேன். பம்ப் பக்கத்துத் திறப்பு சரியாக மூடவில்லை. குடித்தது படிகமும் அல்ல, குழாயும் அல்ல, பம்ப். திருகைச் சரிசெய்து என் படிகத்தை மறுபடி அளந்தோம். அது ஒரு சொட்டும் குடிக்கவில்லை. உள்ளே எப்போதோ இடிந்துபோயிருந்தது.

இதை வீட்டில் சொன்னேனா? இல்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கப் பார்க்க நாக்கு எழவில்லை. ஞாயிறு காலை வேட்டி கட்டிக்கொண்டு, இல்லாத வெற்றிக்கு முருகனிடம் நன்றி சொல்ல ரயில் ஏறினேன்.

பூசை முடிந்து பிரசாதப் புக்கை (பொங்கலை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) சாப்பிடும்போது, அத்தானோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் அருகில் வந்தார்.

"தம்பி, பெற்றோல் இல்லாமல் ஓட இன்னும் எவ்வளவு காலம் செல்லும்?"

"அஞ்சாறு வருஷத்திலை எதிர்பாக்கலாம் ஐயா" என்றேன். வாய் என்னுடையதுதான்.

நிமிர்ந்தால், தூணருகே கையில் புக்கைத் தட்டோடு வசந்தா. ஆய்வகத்தில் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்று அக்கா தேடிப் பிடித்து அழைத்திருக்கிறாள். இப்போது அக்காவே அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, "நீங்களும் அங்கைதானே பிள்ளை, இவன் செய்ததை எங்களுக்கு விளங்கச் சொல்லுங்கோவன்" என்றாள்.

வசந்தா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தப்பியிருப்பேன்.

"அவரே சொன்னா நல்லாயிருக்கும் அக்கா" என்றார்.

சொன்னேன். திருகு, பம்ப், வெறுங்குழாய், எல்லாம். நாற்பது பேர் கேட்டார்கள். அக்கா புக்கைக் கரண்டியோடு கேட்டு முடித்தாள். பிறகு, "முதலே சொல்லியிருந்தால் அர்ச்சனையைப் படிப்புக்கெண்டு செய்திருப்பன்" என்றபடி அடுத்தவர் தட்டில் பரிமாறப் போனாள். பெரியவர் என் தோளில் தட்டிவிட்டு நகர்ந்தார்.

மூன்று வருடம் கழித்து, இடிந்துபோன படிகங்கள் ஏன் இடிந்தன என்று எழுதியே பட்டம் வாங்கினேன். தேறிவிட்டேன் என்று தொலைபேசியில் சொன்னபோது அத்தான் கேட்டார்:

"வெறுங்குழாயிலையும் ஒருக்கால் பாத்தனியோ?"

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது வீடு வாங்கினாலும், சோதனை பாஸ் பண்ணினாலும், மாப்பிள்ளை பார்த்தாலும் இதுதான் முதல் கேள்வி. என் மகள்கூட அவள் தோழிகளிடம் ஆங்கிலத்தில் கேட்கிறாள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

குழுக் கூட்டத்தில் வசந்தாவைப் பார்த்து நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் வீட்டில் ஓடும் கதையில் கிடையாது. அதற்காக வசந்தாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வாரம் எடுத்தது. அவர் "சரி" என்றார், அவ்வளவுதான். அதை அவர் எங்கள் வீட்டில் யாரிடமும் இன்றுவரை சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் வெறுங்குழாய்க்குச் சிரிக்கும்போதெல்லாம், அன்று குனிந்து அவர் கொப்பியில் என்ன எழுதியிருப்பார் என்று எனக்கு யோசனை போகும்.