முப்பது பர்சென்ட்ல நின்னுபோன ஆடி

பஸ்லேர்ந்து எறங்கினது என் பொண்டாட்டி இல்ல. மாமனாரு.

கையில மஞ்சப்பை. கக்கத்துல ஒரு தலகாணி. சாயந்தரம் திரும்பிப் போற ஆளு தலகாணியத் தூக்கினு வருவாரா?

"வாங்க மாமா. பிரியா எங்க?" அவருக்குப் பின்னாடி படிக்கட்டயே பாத்துகினு கேட்டேன்.

"அவ எதுக்கு மாப்ள? ஆடியில பொண்ண எப்பிடி அனுப்பறது? அதான் நான் வந்துட்டேன். கம்ப்யூட்டர் எங்க கீது?"

பஸ் போயிடுச்சு. நான் நின்ன எடத்துலயே நிக்கிறேன். இன்னா நடந்துதுன்னே புரியல. என் பிளான்ல மாமனாருக்கு சீட்டே போடலயே.

இருங்க, ஒருத்தரு ஃபோனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டணும்னு நிக்கிறாரு. ஒட்டிட்டு வந்து மொதல்லேர்ந்து சொல்றேன்.

ஒட்டிட்டேன். உள்ள ஒரு காத்துக் கொப்புளம் மாட்டிகிச்சு. அவரு பாக்கல.

நான் கோகுல்ராஜ். ஜமுனாமரத்தூர்ல மொபைல் கடை வச்சிருக்கேன். பொண்டாட்டி பிரியதர்ஷினிக்கு மலைக்குக் கீழ கணியம்பாடி. தை மாசம்தான் கல்யாணம். வூட்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அதுல அவ பேனர் டிசைன் பண்ணுவா. கம்ப்யூட்டர் அவளுது. அதுக்கு அப்டேட் போடற வேல மட்டும் என்னுது.

"சிஸ்டத்துக்கு அப்டேட் போடுங்க, வைரஸ் வந்துடும்"னு அவ சொல்லிகினே இருப்பா. நான் 'அப்புறம்'ங்கற பட்டன அமுக்கிகினே இருப்பேன். ஊர்ல இருக்கற ஃபோனுக்கெல்லாம் அப்டேட் போட்டுத் தர்றவன் நான். ஆனா எங்க வூட்டு சிக்னலு கூச்ச சுபாவம். தண்ணி டேங்க்காண்ட போனாதான் முழு மொகத்தக் காட்டும்.

ஆடி பொறந்துது. மொத ஆடி. மாமா வந்து பொண்ண அழைச்சினு போயிட்டாரு. மொத நாளு ஜாலியாதான் இருந்துச்சு. மறுநாளு நானே ரசம் வச்சேன். அந்த ரசத்தக் குடிச்சதும்தான் கல்யாணத்தோட அருமை புரிஞ்சுது.

சரி, ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னு கணியம்பாடி போனேன். மாமியாரு சசிகலா வாசல்லயே காபியக் குடுத்து, "மழ வர்ற மாதிரி கீது, பாத்துப் போங்க மாப்ள"ன்னு அனுப்பிச்சிட்டாங்க. வானத்துல ஒரு மேகம் இல்ல.

அப்பதான் சபதம் போட்டேன். ஆடி முடியறதுக்குள்ள என் பொண்டாட்டிய மலை ஏத்தியே தீருவேன்.

நெட்ல ஒரு பக்கம் இருக்குங்க. தொறந்து பெரிசு பண்ணா ஸ்கிரீன் முழுக்க நீலமாயிடும். நடுவுல வட்டம் சுத்தும். அச்சு அசல் அப்டேட் ஆவற மாதிரியே இருக்கும். ஆனா உள்ள ஒண்ணும் ஆவாது. சும்மா வெளையாட்டு. அதுலயும் முப்பது பர்சென்ட்லயே நிக்கற மாதிரி ஒண்ண தேடிப் புடிச்சேன். அத வச்சிட்டு டேங்க்காண்ட ஓடிப் போய் ஃபோனப் போட்டேன்.

"பிரியா, ஒரு கெட்ட சேதி. அப்டேட் போட்டுட்டேன்."

"அது நல்ல சேதிங்க."

"முப்பதுல நின்னுடுச்சு."

"நிக்கட்டும். நவுரும்."

"நேத்துலேர்ந்து நிக்குதும்மா. உன் டிசைன் எல்லாம் உள்ளயே மாட்டிகிச்சு. கூழ் ஊத்தற பேனரு, காதுகுத்து பேனரு, எல்லாம். நான் தொட்டு எதுனா ஆயிட்டா? நீ வந்தாதான் சரியாவும்."

"ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க."

வூட்டுக்கு ஓடி எடுத்துட்டு, திரும்ப டேங்க்காண்ட வந்து அனுப்பிச்சேன். அங்கயே நின்னேன். அப்புறம் அவளே கூப்ட்டா.

"ஐயோ, பெரிய சிக்கலால்ல கீது. நாளைக்குக் காலையில பஸ்ஸாண்ட வந்து நில்லுங்க."

ஷேவிங் பண்ணேன். வூட்டக் கூட்டினேன். போய் நின்னேன். அப்பதான் தலகாணி எறங்குச்சு.

மாமா ராஜவேலு ரிட்டயர்டு கண்டக்டரு. வூட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டருக்கு முன்னாடி சேரப் போட்டு ஒக்காந்தாரு.

"முப்பதுலயே நிக்குதே. பஞ்சரா?"

"அப்பிடித்தான் மாமா."

"நடுவழியில வண்டிய வுட்டு எறங்கினவன் இல்ல மாப்ள நானு. பிரியா சொல்லித்தான் அனுப்பிச்சிருக்கா. நூறு ஆவற வரைக்கும் நான் எழுந்துக்கக் கூடாது. யாரையும் தொட வுடக் கூடாது. உங்களையும்தான்."

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அது நூறு ஆவவே ஆவாது. நூறு ஆவாம மாமா போவமாட்டாரு. நானே நிறுத்தினா குட்டு ஒடஞ்சிடும். நான் கட்டின பொறியில நானே எலி. வடை மட்டும் மாமாவுக்கு.

கரண்ட்டு போனா தப்பிச்சிக்கலாம்னு பாத்தேன். எங்க ஊர்ல காத்தடிச்சா கரண்ட்டு போவும். காத்தடிக்கலன்னாலும் போவும். மாமா வந்து ஒக்காந்ததுலேர்ந்து கரண்ட்டு ஒரு தடவ கண்ண சிமிட்டக்கூட இல்ல.

அவரு சேர்ல ஒக்காந்துகினே களி கேட்டாரு. கிண்டினேன். கருவாட்டுக் கொழம்பு கேட்டாரு. வச்சேன். "உப்பு தூக்கலா கீது மாப்ள"ன்னாரு. சாப்ட்டுட்டு சேர்லயே தூங்கினாரு. சரி, தூங்கறப்ப நிறுத்திடலாம்னு பூன மாதிரி போய்க் கீபோர்டுல வெரல வச்சேன். கண்ண மூடிகினே கேட்டாரு:

"யாரது, டிக்கெட் வாங்காம ஏர்றது?"

பிரியாவுக்குத் தெரிஞ்சிடுச்சா தெரியலயா, எனக்கு அதான் கொழப்பம். தெரிஞ்சிருந்தா திட்டி இருப்பா. தெரியலன்னா அவளே வந்திருப்பா. ரெண்டும் இல்லாம மாமா வந்து ஒக்காந்திருக்காரே, இது எந்தக் கணக்கு?

கடைசியா மாமா குளிக்கப் போனாரு. டக்குனு அந்தப் பக்கத்த மூடினேன். எங்க கல்யாண ஃபோட்டோ ஸ்கிரீன்ல வந்துச்சு.

"மாமா, நூறு ஆயிடுச்சு."

சோப்பு நொரையோட ஓடியாந்தாரு. வந்ததும் பொண்ணுக்கு ஃபோனப் போட்டாரு. வாசப்படியில நின்னா ஒரு புள்ளி சிக்னலு கெடைக்கும். ஸ்பீக்கர்ல அவ குரலு.

"முடிஞ்சுதாப்பா? செட்டிங்ஸ்ல அப்டேட்டுன்னு ஒண்ணு கீதா, அவர அத அமுக்கச் சொல்லு. கடைசியா எப்ப போட்டதுன்னு வரும். நீயே படி."

அமுக்கினேன். மாமா கிட்ட வந்து குனிஞ்சு படிச்சாரு.

"மார்ச்சுன்னு கீதும்மா."

மாமா காதுலேர்ந்து நொர சொட்டுச்சு.

"மாப்ள, இப்ப ஆடி நடக்குது. அப்ப நான் இம்மா நேரம் பாத்தது இன்னா?"

"அது... வெள்ளோட்டம் மாமா."

"அப்ப நெஜ வண்டி இன்னும் கெளம்பவே இல்லியா?"

கோவப்படுவாருன்னு பாத்தா, மொகம் பிரகாசமாயிடுச்சு. ஃபோன்ல பிரியா சொல்றா: "ஆமாம்ப்பா, இனிமேதான் கெளம்பும். மார்ச்சுலேர்ந்து சேந்து போயிருக்கு. அந்த சிக்னலுக்கு மெதுவாதான் ஏறும். நீ கூட இருந்து முடிச்சிட்டு வா. அவசரம் இல்ல."

மாமா நொரயக் கழுவப் போனாரு. நான் டேங்க்காண்ட ஓடினேன்.

"பிரியா, உனக்கு எப்பத் தெரியும்?"

"ஃபோட்டோ வந்தப்பவே. நீலத்துக்கு நடுவுல மவுஸ் அம்பு நிக்குது. நெஜ அப்டேட்ல அம்பு ஏதுங்க?"

"தெரிஞ்சுமா மாமாவ அனுப்பிச்ச? நாலு திட்டு திட்டிட்டு வுட்டிருக்கலாமே."

"நான் திட்டலாம்னுதான் இருந்தேன். அம்மாதான் வேணாம்னாங்க."

"அவங்க எதுக்கு?"

"அப்பா ரிட்டயர்டு ஆனதுலேர்ந்து வூட்லயே கீறாரு. டிவி ரிமோட்ட தர்றதில்ல. அம்மா தாளிக்கறப்ப பின்னாடி நின்னு 'ரைட், போலாம்'ங்கறாரு. 'உனக்கு மட்டும் ஆடி வருது, எனக்கு எப்ப ஆடி வரும்'னு அம்மா பொலம்பிகினு இருந்தாங்க. அந்நேரம் பாத்து உங்க ஃபோட்டோ வந்துச்சு."

பின்னாடி டிவி சீரியல் சத்தம். அதுக்கும் மேல மாமியாரு சிரிக்கற சத்தம்.

"அப்ப நீ எப்ப வருவ?"

"ஆவணி பொறந்ததும் அப்பாவக் கொண்டாந்து வுட்டுட்டு என்ன கூட்டினு போங்க."

கடையில ஒக்காந்து இத டைப் பண்றேன். வூட்டுல என் இன்னொரு ஃபோனு நெட்டு குடுத்துகினு இருக்கு. மாமா வாசப்படிக்கு வந்து அவரு ஃபோன்லேர்ந்து கூப்ட்டு ஒவ்வொரு பர்சென்ட்டுக்கும் ஸ்டாப்பிங் சொல்றாரு. இப்ப நாலுல கீதாம். ராத்திரிக்கு மொச்சக்கொட்ட கொழம்பு வேணுமாம்.

ஆடிக்குப் பொண்டாட்டிய அனுப்பிச்சிட்டு, பதிலுக்கு மாமனார வாங்கியாந்தவன் நான் ஒருத்தன்தானா, இல்ல உங்க வூட்லயும் இப்படி ஆச்சாங்க?