பெயர் வேண்டாத வள்ளல்

மருத்துவமனையின் புதிய லிஃப்ட் மீண்டும் மேலேறிற்று. உள்ளே நின்ற அச்சக முதலாளிக்கு மாடியில் எந்த வேலையும் இல்லை.

"யாரும்மா குடுத்தது இது?"

"பேர் வேண்டாம்னுட்டாராம், ஐயா," என்றாள் லிஃப்டை இயக்குபவள். "எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

அவர் நெஞ்சு குளிர்ந்தது, வாய் கசந்தது. கொடுத்தவர் அவரே! நிறைமாதப் பெண்களைத் தோளில் சுமந்து படியேற்றிய ஊர் அது. தன்னை ஆளாக்கிய ஊரின் அந்தத் துயரைத் துடைத்தார், அதுவரை அறம். "என் பேரை மூச்சு விடக்கூடாது" என்று தலைமை மருத்துவரிடம் சத்தியமும் வாங்கினார், அங்கேதான் வினை. புகழை வாசலில் விரட்டிவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் மனத்தின் பசிக்கு இந்த உலகில் சோறு உண்டா?

"அச்சகத் தெருக்காரர்னு பேசிக்கிறாங்களே?" என்று கொக்கி போட்டார்.

மறுநாளே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது: வள்ளல், அதே தெருவில் காகிதக் கடை வைத்திருக்கும் அவருடைய மைத்துனர். கிழிந்த தாளைக்கூட இனாமாகத் தராத மைத்துனர்!

"அவன் இல்லம்மா! இன்னும் வயசானவர், கண்ணாடி போட்டவர்," என்று லிஃப்டை இயக்குபவளிடம் பதறித் திருத்தினார்.

மைத்துனர் அன்று மாலையே கண்ணாடி வாங்கிக்கொண்டார்.

அடுத்து, பாராட்டு விழா. சுவரொட்டி வேலை வேறு யாருக்கு வரும்?

"மாமா, என் படம் கொஞ்சம் பெருசா வரட்டும். நம்ம வீட்டுக்குத்தானே பெருமை!"

தன் மையில், தன் எந்திரத்தில், தன் புகழை இன்னொருவன் முகத்தோடு அச்சிட்டார் அந்த மனிதர். பல்லைக் கடித்துக்கொண்டு பிழையும் திருத்தினார்.

விழா மேடையில் கேடயம் மைத்துனர் கையை நெருங்கியது. அணை உடைந்தது. பாய்ந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்.

"நிறுத்துங்கய்யா! இந்த ஊருக்குப் பட்ட கடனைத் தீர்த்தவன் நான்! லிஃப்ட் குடுத்தவன் நான்!"

மண்டபமே அவர் பக்கம் திரும்பியது. ஆனால், ஒரு முகத்திலும் வியப்பில்லை. தலைமை மருத்துவர் தலையில் கைவைத்துக்கொண்டார். மைத்துனர் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முன்வரிசையில் லிஃப்டை இயக்குபவள் கலங்கிய கண்ணோடு எழுந்தாள்.

"கெடுத்துட்டீங்களே ஐயா! நீங்க வேலையில்லாம ஏறி இறங்கினப்பவே ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. உங்க ஆசைப்படி பேர் வெளியே வரக்கூடாதேன்னுதான், உங்க மைத்துனரைக் கெஞ்சிக் கூத்தாடி மேடையேத்தினோம்!"