கையில் அஞ்சு, ஆப்ஷன் நாலு

மளிகைக் கடையில் இரண்டு சோப்பு வாங்கினால்கூடக் கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டித்தான் விலை சொல்கிறார். யாரும் அவரைக் குறை சொல்வதில்லை. ஆனால் டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிற பிள்ளை மட்டும் 6.63-ஐ 5.89-ஆல் மனக்கணக்காய் வகுக்க வேண்டுமாம். எந்த நோயாளி டாக்டரிடம் போய், "எனக்கு முதலில் இதை வகுத்துக் காட்டுங்க" என்று கேட்டான்? நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

கணக்குக்குப் பயந்துதான் நான் ப்ளஸ் ஒன்னில் கணக்கே இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் எடுத்தேன். பிசிக்ஸ் என்பதே வேஷம் போட்ட கணக்குதான் என்று ஒரு மகராசியும் சொல்லவில்லை. நீட் எழுத ஒரே ஒரு வருஷம் கோச்சிங் அனுப்புவதாக அப்பா சொல்லியிருந்தார். "வந்தா டாக்டர். வரலன்னா வேற எதுனா படி" என்பது ஒப்பந்தம். ஆக, பரீட்சை நடக்கும் அந்த ஒரு மதியத்தில் என் டாக்டர் கனவு நிற்கும், அல்லது விழும்.

என் பெருக்கல் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு, ஆறைப் போட்டுக் கையில் அஞ்சு என்றுதானே நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்? எனக்கு அந்த அஞ்சு நிஜமாகவே கையில் நிற்க வேண்டும். இடது கையைத் தூக்கி, அத்தனை விரலையும் நீட்டி வைத்துக்கொள்வேன். (மேலே சின்னதாக எழுதிக்கொள்ளலாமே என்பீர்கள். எழுதினால் அதையும் சேர்த்துப் பெருக்கிவிடுவேன்.)

பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் நீட் சென்டர். வாசலிலேயே தோடு, ஹேர் கிளிப், கயிறு எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். பயாலஜியைச் சிரித்துக்கொண்டே முடித்தேன். பிசிக்ஸ் வந்தது. முதல் கணக்கிலேயே நாலு விடையும் ஒரே வயிற்றில் பிறந்தவை போல ஒட்டிக்கொண்டு நின்றன. சரி, பெருக்கிப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். கை தானாக மேலே போனது.

"யாருக்கும்மா சிக்னல் குடுக்கற?"

மேற்பார்வைக்கு வந்த மேடம் என் தலைக்கு மேலே நின்றார்.

"சிக்னல் இல்ல மேடம், கணக்குப் போடறேன்."

"கணக்கைப் பேனாவால போடு. ஏ, பி, சி, டின்னு விரல் காட்டுறது எனக்குத் தெரியாதா? பின்னாடி பொண்ணு உன் கையையே பாத்துட்டு இருக்கா."

"அவங்களுக்கு வேற கொஸ்டின் பேப்பர் கோடு மேடம்! வேற வரிசையில கேள்வி!"

"எதிர்த்துப் பேசாத. கையை டெஸ்க் மேல வை. எடுத்தா வெளிய அனுப்பிடுவேன்."

அதோடு விட்டாரா? ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தார். என் இடது உள்ளங்கை பல்லி மாதிரி மேசையில் ஒட்டிக் கிடந்தது. கால் விரலை வைத்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். ஒன்றை நிமிர்த்தினால் ஐந்தும் சேர்ந்து நிமிர்ந்தன. (இதுதான் பயாலஜியில் புலியாம்.) கையில் இருந்த அஞ்சு மூன்றானது, மூன்று காணாமல் போனது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு வட்டங்களைக் கறுப்பாக்கினேன். நெகட்டிவ் மார்க் என்னைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டியது.

வெளியே வந்து அப்பாவைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் நேராக கேட் செக்யூரிட்டியிடம் போனார்.

"இன்னா அண்ணாத்தே, பொண்ணு கையில அஞ்சு வச்சிகினு கீது. ஆப்ஷனே நாலுதான்! அஞ்சாவது வெரலு எந்த ஆப்ஷனுக்கு சிக்னலு?"

ஹாலுக்குள்ளே எனக்குத் தோன்றாத பாயிண்ட்! அழுகையை நிறுத்திவிட்டுச் செக்யூரிட்டியைப் பார்த்தேன்.

அவர் நிதானமாக யோசித்தார். "எனக்கும் தெரிலன்னு சொல்ற சிக்னலா இருக்கும் சார்."

அப்பாவுக்கு வந்ததே கோபம்! "இங்க பாருய்யா, முப்பத்தெட்டை நாப்பத்தேழால பெருக்கறேன். கை எப்டி போவுதுன்னு பாரு" என்று நடுரோட்டில் விரலை நீட்ட ஆரம்பித்தார். சுற்றி நின்ற பெற்றோர்கள் ஆளுக்கொரு கையைத் தூக்கிக் கூடவே பெருக்கினார்கள். ஆளுக்கொரு விடை வந்தது. அப்பாவின் விடை எல்லாவற்றையும்விடத் தப்பு. ஓர் அம்மா போனை எடுத்துத் தட்டி, "ஆயிரத்தி எழுநூத்தி எம்பத்தாறு" என்றதும் கூட்டம் கலைந்தது. பார்த்தீர்களா, அங்கேயும் கால்குலேட்டர்தான் தீர்ப்புச் சொன்னது.

சீட் கிடைக்கவில்லை. பிசிக்ஸ் மார்க்கை மட்டும் கேட்காதீர்கள். ஒப்பந்தப்படி வேறு படித்தேன். இப்போது மாங்காட்டில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். விரல் நீட்ட முடியாதவர்களுக்கு நீட்டப் பயிற்சி கொடுக்கிறேன். (சிரிக்கக் கூடாது.)

வீட்டில் யார் கேட்கிறார்கள்? அம்மா அடுப்படியிலிருந்து, "எத்தினி தோசடி?" என்று கேட்பாள். நான் மூன்று விரலைக் காட்டுவேன். உடனே அப்பா, "மேடம், இங்க ஒரு பொண்ணு ஆப்ஷன் சி காட்டுது, புடிங்க!" என்று கத்துவார். வந்த விருந்தாளிகூட விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை, வயிறுதான் எரிகிறது. ஆனால் ஒன்று: இந்த வீட்டில் யார் சொன்னாலும் நான் கையைக் கீழே இறக்குவதில்லை. மூன்றாவது தோசை தட்டில் விழும்வரை தூக்கியே வைத்திருக்கிறேன்.