காப்புறுதிப் பட்டியலில் முதுகு எங்கே?

கிளிநொச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மருமகன் சிவகரனுக்கு,

யோகநாதன் மாமா எழுதிக்கொள்வது. நீரும் பிரியந்தினியும் பிள்ளைகளும் கொழும்பில் சுகமாயிருக்க வேண்டும். இதை நிமிர்ந்து இருந்து எழுதுகிறேன் என்பதே எங்கள் வீட்டுச் சுகச்செய்தி. அரச மருத்துவக் காப்புறுதியில் எந்த வைத்தியத்தைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் குழுவில் உம்மைப் போட்டிருப்பதாக உமது அம்மா, என் அக்கா சொன்னார். உத்தியோக விஷயத்தில் சொந்தம் கொண்டாடுகிற ஆள் நானல்ல. ஆனாலும் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து இதை வாசியும்.

போன மாதம் அறுவடை முடிந்து நெல் மூட்டை ஒன்றைத் தூக்கினேன். மூட்டை வரவில்லை, என் முதுகு மடங்கி அப்படியே நின்றுவிட்டது. உமது மாமி விமலேஸ்வரி காலால் பிறந்தவர் என்பது உமக்குத் தெரியும். பிறக்கும்போது கால் முந்தி வந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்று ஊர் முழுக்க எங்கள் படலையைத் தட்டுகிறது, வீட்டுக்காரனை விடுவாரா? பாயில் குப்புறப் போட்டு, "இஞ்சாருங்கோ, மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கிடவுங்கோ" என்று சொல்லி ஏறினார். கலியாணம் கட்டிய நாள்முதல் சேர்த்த மனத்தாங்கல் எல்லாம் அந்தக் காலில் இருந்தது. நான் கத்திய கத்தில் பக்கத்து வளவு ஏரம்பு அண்ணர் கள்ளன் என்று நினைத்து மண்வெட்டியோடு ஓடி வந்தார். அதன்பிறகு குனிந்தது போதாதென்று இடப்பக்கமும் சாய்ந்துபோனேன். இரண்டு கிழமையாக யார் வந்தாலும் பாதத்தை வைத்துத்தான் ஆளை மட்டுக்கட்டினேன்.

அப்போதுதான் ராஜினியிடம் கொண்டுபோனார்கள். அவுஸ்திரேலியாவில் கைரோபிரக்டிக் படித்தவர். முதுகெலும்பைக் கையாலேயே சரிப்படுத்துகிற வைத்தியம். சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஊசியில்லை, குளிசையில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்து, ஒவ்வொரு எலும்பாகத் தடவி, என்ன பிழை என்று பொறுமையாகச் சொன்னார். நாலாம் தரம் போன அன்று, "அங்கிள், உங்கட கலியாணம் எந்த ஆண்டு?" என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே டொக் என்றது. எழும்பினேன். சுவரில் பல்லி தெரிந்தது, அதற்கு மேலே முகடு தெரிந்தது. அழுதுவிட்டேன், உம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது. நாயாற்றில் வலை இழுக்கும் மரியநேசன் இரண்டு பஸ் மாறி அவரிடம் வருகிறார். இப்போது மகளைத் தோளில் வைத்துக்கொண்டு திருவிழாவுக்குப் போகிறாராம். தங்கமான கை அது.

காப்புறுதிப் படிவம் நிரப்பி அனுப்பினேன். "பட்டியலில் இல்லாத சிகிச்சை" என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. உங்கள் பட்டியலில் மூக்குக்கண்ணாடி இருக்கிறது. நிமிர முடியாதவனுக்குக் கண்ணாடி கொடுத்தால் அவன் தன் கால் பெருவிரலைத்தானே வடிவாகப் பார்ப்பான்? ராஜினி சொன்னார்: "காப்புறுதியில சேர்த்தால்தான் அங்கிள் சனம் வரும். சித்திரை வரைக்கும் பாப்பன், பிறகு கொழும்புக்குப் போயிடுவன்." அந்தப் பிள்ளை போனால் எங்கள் முதுகுகளுக்கு நாதியில்லை. ஆகவே எப்படியாவது சேர்த்துவிடும். ஆனால் மிதிக்கிற வைத்தியத்தை மட்டும் ஒருபோதும் சேர்க்கவேண்டாம், அனுபவப்பட்டவன் சொல்கிறேன். இது மாமி காதுக்குப் போகக்கூடாது.

அக்காவுக்கு என் அன்பு. உமது முள்ளந்தண்டும் உத்தியோகமும் எந்நாளும் நேராக நிற்க நாகதம்பிரான் துணையிருப்பார்.

இப்படிக்கு,
நிமிர்ந்து நிற்கும் மாமா,
யோகநாதன்

பி.கு.: கடித உறையை ஒட்டுமுன் ஓட்டோ ஒன்று வாசலில் நின்றது. ராஜினி இறங்கினார், என்னைப்போலவே மடங்கி. ஊர் முதுகெல்லாம் பிடித்துத் தன் முதுகு பிடித்துக்கொண்டதாம். தன் முதுகைத் தானே சரிக்கட்ட முடியாதாம். "அன்ரி, நீங்கள் காலால பிறந்தனீங்களாமே" என்றார். மாமி அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். ஒரு சத்தமும் இல்லை. ஐந்து நிமிடத்தில் பிள்ளை நிமிர்ந்து வந்து தேத்தண்ணீர் குடித்தது. "அன்ரி கால் வச்சது அச்சொட்டாச் சரியான இடம். கொழும்பில நான் ஆரிட்டப் போறது? இஞ்சையே நிக்கிறன், காப்புறுதி வாறபோது வரட்டும்" என்றது.

"அப்ப எனக்கு ஏன் சரிவரேல்லை?" என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளை அசையாமல் கிடந்தது" என்றார் மாமி.

இந்தக் கடிதத்தை அவர் வாசித்துவிட்டார், கலியாண ஆண்டை நான் யோசித்த இடம் உட்பட. ஆகையால் மிதிப்பதைப் பற்றி மேலே எழுதியதை வெட்டிவிடும். பட்டியலில் ராஜினிக்குக் கீழே விமலேஸ்வரி யோகநாதன் என்றும், தகுதி என்ற இடத்தில் காலால் பிறந்தவர் என்றும் போடும். எங்கள் கலியாணம் எந்த ஆண்டு என்று அக்காவிடம் கேட்டு உடனே போன் எடும். மாமி பாயை விரித்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார்.