அமெரிக்காவுக்குப் போன பந்தி

இந்தத் தடவை பெண்டாட்டி பேச்சைக் கேட்பதில்லை என்று சுயம்புலிங்கம் முடிவு கட்டினான். கட்டியவன் அத்தோடு நின்றிருக்கலாம். அதை அவளிடமே போய்ச் சொன்னான். இன்றுவரை அவன் வருந்துவது முதலில் அதற்குத்தான்.

லிங்கம் மயிலாப்பூரில் கல்யாண வீடியோ எடுப்பவன். வேதாந்தம் மாமாவின் பிள்ளை கிரீஷுக்குக் கல்யாணம் நடந்தபோது, மூத்த பெண் சாருலதா அமெரிக்காவில் நிறைமாதம். வர முடியவில்லை. கல்யாணத்தைக் கேசட்டிலாவது பார்க்க வேண்டாமா? மாமா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"நம்மூர் கேசட் அவா மிஷின்ல ஓடாதாம். என்.டி.எஸ்.சி.ன்னு மாத்தணுமாம். ஒரே கேசட், ரெண்டு மணி நேரம், படம் கண்ணாடி மாதிரி இருக்கணும். வெள்ளிக்கிழமை எதிராத்து நிரஞ்சன் ப்ளேன் ஏறறான். அதுக்குள்ள வேணும்."

எடுத்ததோ மூன்று மணி நேரம். ஒரு மணி நேரத்தை வெட்டியாக வேண்டும். லிங்கம் பந்தியை வெட்டினான்.

"பந்தியையா?" இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள் கற்பகவல்லி.

"பின்ன? ரசம் ஊத்தறதையும் அப்பளம் நொறுக்கறதையும் அமெரிக்காவுல எவன் பாப்பான்?"

"எவனும் பாக்க வேணாம். அந்தப் பொண்ணு பாக்கும். சொந்தக்காரங்க மொத்தப் பேரும் அங்கதானே வரிசையா உக்காந்திருக்காங்க?"

"உனக்குக் கலை தெரியாது."

"மாமா பேசினது தெரியும். கேமராவைப் பாத்து, 'சாரு, சாப்டியாடி?'ன்னு கேட்டாரே, அதையுமா வெட்டினீங்க?"

"அதைத்தான் முதல்ல வெட்டினேன். கேமராவைப் பாத்துப் பேசினா படமே கெட்டுடும்."

கற்பகம் அதற்கு மேல் பேசவில்லை. அவள் பேச்சை நிறுத்தினால் வேறு எதையோ ஆரம்பிக்கிறாள் என்று பொருள். ஐந்து வருடக் குடித்தனத்தில் லிங்கம் இன்னும் அந்தப் பாடத்துக்கு வந்து சேரவில்லை.

வெட்டினது போதாதென்று, இருந்ததிலும் கொஞ்சம் கழித்து அங்கே கலையைப் புகுத்தினான். தாமரை விரியும், நடுவே கிரீஷ் சிரிப்பான். நயாகரா கொட்டும், அதன் மேல் கல்யாணப் பெண் நனையாமல் மிதப்பாள். நாதஸ்வரக்காரர் நாலு பேராகப் பிரிந்து நாலு மூலைக்கும் போய்த் திரும்பி வருவார். மிக்ஸிங் கடையில் மூன்று நாள் தவம் கிடந்தான். டேப்பிலிருந்து டேப், அதிலிருந்து இன்னொரு டேப் என்று ஏற்றி ஏற்றி முடித்தான்.

வியாழக்கிழமை நொச்சிக்குப்பத்தில் ஒரு காதுகுத்து. கேமராவோடு போயாக வேண்டும். கேசட்டை மாற்றித் தரும் இனாயத் பாய் கடையோ தேனாம்பேட்டையில்.

"நான் குடுத்து மாத்தி வாங்கியாரேன்," என்றாள் கற்பகம்.

"பத்திரம்டி. அது கேசட் இல்ல, என் உசிரு."

"உசிரை மஞ்சப்பையில போட்டுக்கிட்டேன். நீங்க கெளம்புங்க."

சாயங்காலம் மாற்றின கேசட் வந்துவிட்டது. லிங்கம் வீட்டு டெக்கில் போட்டுப் பார்த்தான். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் குதித்து உருண்டன. ஒரு மூக்குகூடத் தெரியவில்லை.

"சபாஷ்! சரியா வந்திருக்கு."

"ஒண்ணுமே தெரியலையேங்க?"

"அதான் கணக்கு. இங்க தெரியலேன்னா அங்க நல்லாத் தெரியும்."

"அப்படியா?" என்று கேட்டுவிட்டுக் குழந்தைக்குப் பருப்புச்சோறு பிசைந்தாள். அவ்வளவு அப்பாவியாக ஒரு பெண் சோறு பிசைந்து அவன் பார்த்ததில்லை. அப்போதாவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து வேதாந்தம் மாமா வீட்டுக்கே வந்தார். கற்பகம் காபி கொடுத்தாள்.

"சாரு போன் பண்ணினா. அழுதா பாரு, அப்படி ஒரு அழுகை!"

லிங்கத்துக்கு நெஞ்சு விம்மியது. "தாமரையைப் பாத்துத்தானே?"

"தாமரையா? அதெல்லாம் ஒண்ணும் சொல்லலையே. அவ அத்தை மூணாம் தரம் பாயசம் கேட்டதைப் பாத்துச் சிரிச்சிருக்கா. அப்பறம் நான் 'சாப்டியாடி'ன்னு கேட்டேனோன்னோ? டி.வி.கிட்டயே 'சாப்டேம்பா'ன்னு பதில் சொல்லியிருக்கா. ரீவைண்ட் பண்றாளாம், மறுபடி பதில் சொல்றாளாம். பிள்ளை பெத்த பச்சை உடம்பு, அழாதேன்னா கேக்கறாளா? மாப்பிள்ளை கேசட்டை ஒளிச்சு வெச்சுட்டாராம்."

மாமா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லிங்கம் கற்பகத்தைப் பார்த்தான். அவள் குழந்தையின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பனுக்கும் மகளுக்கும் நடுவே தாமரையை நட்டுவைத்தவன் தானல்லவா? இவள் மட்டும் சும்மா இருந்திருந்தால், அங்கே நயாகரா கொட்டியிருக்கும். சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இருந்திருக்காது.

"மாமா, ஒரு தப்புப் பண்ணிட்டேன். நீங்க பேசினதை நான் வெட்டித் தூரப் போட்டேன். அது எப்படி அமெரிக்கா போச்சுன்னு எனக்கே தெரியல. என்னை மன்னிச்சிடுங்க."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியுமேப்பா! நீ காதுகுத்துக்குப் போன அன்னிக்குக் காலம்பறவே கற்பகம் எங்காத்துக்கு வந்து சொல்லிட்டா. உன் கேமரா கேசட்டை அப்படியே எடுத்துண்டு வந்திருந்தா. எது எது வேணும்னு ரெண்டு பேருமா சீட்டு எழுதிண்டு ஆட்டோவில தேனாம்பேட்டை போனோம். நகலுக்கு நகல் எடுத்தா மங்கிடும், கேமராவில எடுத்ததையே நேரா மாத்தினா பளிச்னு இருக்கும்னு கற்பகம் சொன்னா, பாயும் அதையேதான் சொன்னார்."

தப்பு தப்புதான். ஆனாலும் மூன்று நாள் தவமாயிற்றே.

"அப்ப என் டேப்பு?" என்றான் லிங்கம் மெல்ல.

"பாய் ஆசைப்பட்டுக் கேட்டாருங்க. அவருகிட்டயே குடுத்துட்டேன்," என்றாள் கற்பகம்.

அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "அவருக்குப் பிடிச்சிருந்ததா?"

"ரொம்ப. கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் தினம் போட்டுக் காட்டறாராம், எப்படிப்பட்ட கேசட்டை மாத்தக் கொண்டாரக் கூடாதுன்னு."