நான்ஸ்டாப்புக்கு ஒரு விசில்

நிச்சயமான கல்யாணத்தை நிறுத்தியவர்கள் எங்கள் கீரனூரில் உண்டு. ஓடுகிற தேரை நிறுத்தியவர்களும் உண்டு. புறப்பட்ட நான்ஸ்டாப்பை நடுவழியில் நிறுத்திய ஆள் மட்டும் இன்றுவரை பிறக்கவில்லை என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான்ஸ்டாப் என்பவர் என் அக்கா புருஷன். புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் நடுவே எங்கும் நிற்காத பஸ்ஸை இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவர். ஊர் வைத்த பேர் நான்ஸ்டாப், எனக்கு மச்சான். வீடு கீரனூரில்தான், பஸ்ஸும் கீரனூர் வழியாகத்தான் போகும், ஆனால் நிற்காது. ஒருநாள் எங்கள் அம்மா மருமகனுக்காக விரால்மீன் குழம்பு வைத்து, தூக்குச்சட்டியோடு ரோட்டோரம் நின்று கை காட்டினார். மருமகன் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு அதே வேகத்தில் போய்விட்டார். சாயங்காலம் வந்து, ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில் நின்றால் எப்படி அத்தை என்று அம்மாவையே கோபித்துக்கொண்டார்.

பக்கத்தில் இருக்கிற நார்த்தாமலைக்கு ஒரு தடவை கூட்டிப்போகச் சொல்லி அக்கா வருஷக்கணக்காகக் கேட்டாள். அங்கேயும் ஸ்டாப்பிங் இல்லை என்று பதில் வந்தது.

இந்த நிலைமையில், நியூசிலாந்தில் வேலை பார்க்கும் அவர்கள் மகள் அக்கா, மச்சான், நான் என எங்கள் மூவரையும் வரவழைத்தாள். தனக்கு லீவு இல்லையென்று நாலு நாளைக்கு வாடகைக் கார் ஒன்றைப் பதிந்து கொடுத்தாள். அங்கேயும் நம் ஊர் மாதிரி இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் மச்சானே டிரைவர். இங்கிலீஷ் பேச நான். அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை: பனியைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கார் கொடுக்கிற இடத்தில் மச்சான் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஆபீஸ் பெண் பதறி ஓடிவந்தாள். இது எங்கள் ஊர் டயர் சோதனை என்று நான் சமாளித்தேன். பழங்கள் நசுங்கின, அவள் ஏதோ எழுதிக்கொண்டாள். அத்தோடு வண்டி நின்றுவிட்டது. என்ஜின் ஓடுகிறது, மச்சான் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன மச்சான், கெளம்பலாமுல்ல?"

"விசில் குடுக்காம எப்புடிக் கெளம்புறது?"

சட்டைப்பையிலிருந்து பழைய கண்டக்டர் விசில் ஒன்றை எடுத்து என் கழுத்தில் மாட்டினார். ரெண்டு விசில் கொடுத்தால் புறப்படும், ஒரு விசில் கொடுத்தால் நிற்கும். பஸ் சட்டம் காருக்கும் பொருந்துமாம். நான் ரெண்டு அடித்தேன். கார் சீறிக்கொண்டு போனது.

போனது போனதுதான். ஆட்டோமேட்டிக் காரில் இல்லாத கிளட்ச்சை இடது காலால் மிதித்துக்கொண்டே, தங்கும் ஓட்டலில் கிளம்பி அடுத்த ஓட்டலில்தான் நிறுத்துவார். ஏரிகள் வந்தன, போயின. அக்கா எடுத்த படங்களில் பாதி ஏரி, பாதி மச்சானின் காது. ஒரு ஏரியிலாவது நிறுத்தச் சொல்லி அவள் கெஞ்ச, இறங்குகிற இடம் வரட்டும் என்பார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காதைத் திருகியிருப்பேன்.

கடைசி நாள். மத்தியானம் காரை ஒப்படைக்க வேண்டும், ராத்திரி விமானம். மலைப்பாதையில் ஏறினோம். ரோட்டின் இரண்டு பக்கமும் பனி, உப்பளத்தில் குவித்த உப்பு மாதிரி கிடந்தது.

"என்னங்க, இங்க ஒரு நிமிஷம்."

"டயமாச்சு."

அக்கா கண் கலங்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இனி பனியே வராது, இறக்கம்தான் என்று எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பின்சீட்டிலிருந்து சட்டென்று கையை நீட்டி என் கழுத்திலிருந்த விசிலை இழுத்து, நீளமாக ஒரே ஒரு விசில் அடித்தாள்.

கார் நின்றது. மச்சான் நிறுத்தவில்லை, அவர் கால் நிறுத்தியது. கை தானாக வண்டியை ஓரங்கட்டியது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம். அவர் தன் காலையே, யாருடைய கால் இது என்பதுபோலக் குனிந்து பார்த்தார். நாலு நாளாக விசிலைக் கழுத்தில் மாட்டியிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

அக்கா இறங்கிவிட்டாள். புடவைக்கு மேல் மகளுடைய ஸ்வெட்டர், காலில் ரப்பர் செருப்பு. இரண்டு கையாலும் பனியை அள்ளினாள். கன்னத்தில் வைத்தாள். தலையில் போட்டுக்கொண்டாள். ஐம்பத்தைந்து வயதில் தனியாக நின்று அப்படிச் சிரித்தாள்.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபதும் ஆயிற்று. எனக்கு விமானக் கவலை. ரெண்டு விசில் அடிக்கலாமென்று வாயில் வைத்தேன். மச்சான் அதைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, என்ஜினை அணைத்தார்.

"இரு மாப்ள. ஒங்க அக்கா இன்னும் பாத்து முடிக்கல."

காரை முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் ஒப்படைத்தோம். எனக்குத் தெரிந்து நான்ஸ்டாப் லேட்டாகப் போய்ச் சேர்ந்த ஒரே டிரிப் அது. அந்த ஒரு டிரிப்புக்காகவே எனக்கு அந்த மனுஷனை அவ்வளவு பிடிக்கும்.