குத்தூசி அண்ணாச்சியும் பதினோராவது இடமும்

குத்தூசி அண்ணாச்சி மாதிரி எதையும் நம்பாத ஆள் உலகத்தில் இன்னொருத்தர் இருந்திருந்தால் வியாபாரம் என்று ஒன்றே நடந்திருக்காது. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "நீ எத்தன நாளு பாத்தே? மழை நாளக் கழிச்சியா?" என்பார்.

தூத்துக்குடியில் கப்பல் சரக்கைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற ஒரு சின்ன ஆபீசில் நான் கிளார்க்காக இருந்தேன். அண்ணாச்சி அங்கே மாதிரி எடுக்கிறவர். மூட்டையைக் குத்தி, உள்ளே இருக்கிற பருப்பை ஒரு கை வெளியே இழுக்கிற கூர்மையான இரும்புக் குழாய் ஒன்று உண்டு, அதுதான் குத்தூசி. அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் ஆபீசுக்கு வருவார், பேங்குக்குப் போவார், ஒரு தடவை பூப்புனித நீராட்டு விழாவுக்கும் போனார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று. "மேல் மூட்டையப் பாக்காதலே. அது கல்யாணத்தன்னிக்கு மாப்ள மாரி. குளிச்சி, பவுடர் போட்டுத்தான் நிக்கும். மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணு. மூணையும் குத்திப் பாத்துட்டுப் பேசு."

இதைத் துறைமுகத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாம்பழம் வாங்கப் போனால் குவியலின் அடிப்பழத்தைத்தான் உருவுவார். மார்க்கெட்டில் எத்தனை குவியல் சரிந்தது, எத்தனை பேர் துரத்தினார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியை வாங்கி, கரண்டியை அடி வரை விட்டு மூன்று தரம் ஊற்றிக் குடித்துவிட்டு, "அடியில உப்பு கூட" என்று சமையல்காரரிடம் போய்ச் சொல்லுவார்.

என் தங்கச்சிக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல்லி எங்கள் அப்பா அவரை அனுப்பினார். புத்தி கெட்ட வேலை, வேறென்ன சொல்ல. பாளையங்கோட்டையில் மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் அண்ணாச்சி காலையில் நின்றார், மத்தியானம் நின்றார், சாயங்காலம் நின்றார். இடுப்பில் குத்தூசி வேறு. மூன்றாம் நாள் தெருக்காரர்கள் போலீஸைக் கூப்பிட்டு விட்டார்கள். விஷயம் தெரிந்து ஸ்டேஷனுக்கு ஓடி வந்து அவரை மீட்டது அந்த மாப்பிள்ளையேதான். ஸ்டேஷன் வாசலில் நின்றபடியே அண்ணாச்சி அப்பாவுக்குப் போன் போட்டார். "பையன் சரக்கு நல்ல சரக்கு. இவ்வளவுக்கும் ஒரு வார்த்த கோவமாப் பேசல. முடிச்சிருங்க." என் தங்கச்சி இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறாள்.

இப்படிப்பட்ட மனிதரிடம் நான் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனை நீட்டினேன். ஏதோ ஒரு சாப்பாட்டு ஆப், ஜனங்கள் போட்ட ஸ்டாரை எல்லாம் கூட்டிக் கழித்து, கரி அடுப்பில் சுடுகிற கறிக்கும் மீனுக்கும் பேர்போன ஊர்கள் என்று ஒரு வரிசை போட்டிருந்தது. பார்பிக்யூ என்று இங்கிலீஷில் மினுமினுத்தது. அதில் நம்ம ஊர் பதினோராவது இடம்.

"பதினொண்ணா? கடலே இல்லாத ஊரெல்லாம் மேல நிக்கி. எவம்லே சாம்பிள் எடுத்தான்?" என்று எழுந்துவிட்டார் அண்ணாச்சி. கையில் தயிர் சோறு.

எனக்கு அந்தப் பட்டியலில் வேறொரு அக்கறை இருந்தது. எங்கள் ஊர்க் கடற்கரையோரத் திரேஸ்புரத்தில் லூர்து அக்காவின் கடை இருக்கிறது. தள்ளுவண்டி, சிரட்டைக் கரி அடுப்பு, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான் கடை. பாறை மீனில் மசாலா தடவி அவர் சுடுகிற வாசனைக்கு ஹார்பர் லாரிகள் ரோட்டில் தானாக நின்றுவிடும். அந்த ஆப் சென்னையில் ஒரு திருவிழா நடத்தப் போகிறதாம். முதல் பத்து ஊர்களிலிருந்து ஊருக்கு ஒரு கடை, ஜனங்கள் அதிகம் எழுதிய கடை. நம்ம ஊரில் அது அக்கா கடைதான். மாதக் கடைசியில் வரிசையைத் திருத்துவார்களாம். ஊர் ஒரே ஒரு படி ஏறிவிட்டால் லூர்து அக்காவுக்கு அழைப்பு வரும்.

அக்காவுக்கு அந்த அழைப்பு உயிருக்குச் சமானம். அவர் மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்திருந்தார். அங்கே சம்பந்தியம்மாள் அக்கம்பக்கத்தில், "பொண்ணோட அம்மா கடல் பொருள் ஏற்றுமதி பண்றாங்க" என்று சொல்லி வைத்திருந்தார். மகள் சிரித்துக்கொண்டே போனில் சொன்னதை அக்கா சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"எம் பொழப்பச் சொல்லதுக்கு அவியளுக்கு நாக்கு கூசுது தம்பி. நான் சென்னையில அடுப்பு போடணும். அந்தம்மா வரிசையில நின்னு எங்கையால வாங்கித் திங்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு" என்றார் என்னிடம். சொல்லும்போது மீனை அவர் திருப்பிய வேகத்தில் எனக்குப் பயமாக இருந்தது.

இதையும் அண்ணாச்சியிடம் சொன்னேன். மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டார். ஊர் ஊராகக் கடைகளின் கீழே ஜனங்கள் எழுதிய கருத்துகளை என்னை அச்செடுக்கச் சொல்லி, பத்துக்கு ஒன்றாக உருவிப் படித்தார். சிவப்புப் பேனாவால் அடிக்கோடு வேறு. ஒருத்தன், "கடை பூட்டியிருந்தது, ஒரு ஸ்டார்" என்று எழுதியிருந்தான். தேதியைப் பார்த்தால் பெரிய வெள்ளிக்கிழமை. இன்னொருத்தர், "பஞ்சர் நன்றாக ஒட்டினார்கள்" என்று அஞ்சு ஸ்டார் போட்டிருந்தார், அது பக்கத்துக் கடைக்குப் போக வேண்டியது. ஒரு அம்மா, "நான் சைவம். வாசனை பிடிக்கவில்லை" என்று ஒத்த ஸ்டார் கொடுத்திருந்தார்.

நம்ம ஊருக்கு வந்தபோது அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லூர்து அக்கா கடைக்கு எழுதியவன் ஒவ்வொருத்தனும் உருகியிருந்தான். "இந்த மீனைத் தின்றபின் செத்தாலும் கவலையில்லை" என்று ஒருத்தன். ஆனால் எல்லாம் நாலு ஸ்டார். ஒன்றுகூட அஞ்சு இல்லை. பக்கத்து பரோட்டாக் கடைக்கும் நாலு. எதிரே கோழி சுடுகிற கடைக்கும் நாலு.

சாயங்காலமே கடைக்குப் போய், உருகியவர்களில் ஒருவரான லாரி டிரைவரைப் பிடித்தார்.

"ஏலே, செத்தாலும் கவலையில்லன்னு எழுதிருக்கியே. மிச்சம் ஒரு ஸ்டாரு எங்கலே?"

"முழுசாப் போட்டா கண்ணு பட்டுருமுல்லா அண்ணாச்சி. பச்சப்புள்ளைக்குக் கன்னத்துல மை வைக்கோம்லா, அப்படி ஒண்ணக் கொறச்சி வச்சேன்."

அடுப்புக்குப் பின்னாலிருந்து லூர்து அக்கா, "நாந்தான் அண்ணாச்சி சொன்னேன், அஞ்சு போட்றாதிய மக்கான்னு. அந்த முக்குக் கடைக்கு எல்லாரும் அஞ்சு போட்டாவ, ஒரே வாரத்துல பந்தல் எரிஞ்சி போச்சி" என்றார்.

ஊரே சேர்ந்து திருஷ்டி கழித்துக் கழித்து ஊரைப் பதினோராவது இடத்துக்குத் தள்ளியிருக்கிறது! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இவ்வளவுதானே? எல்லாரையும் அஞ்சு போடச் சொல்லிருவோம்" என்றேன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "மேல் மூட்டையில நல்ல சரக்க அடுக்கச் சொல்லுதியா? இத்தன வருசமா நான் புடிச்சதே அந்தக் களவாணித்தனத்தத்தாம்லே" என்றார். சேர்ந்துபோன லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு, முன்னால் நின்ற பத்து ஊருக்கும் பஸ் ஏறிவிட்டார். ஊருக்கு மூன்று கடை. வரிசையில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று.

அவர் போன தைரியத்தில் நான் என் மூளையைக் காட்டினேன். ஆபீஸ், பக்கத்து ஆபீஸ், ஷிப்பிங் ஏஜெண்டுகள் என்று ஆள் திரட்டி, எங்கள் ஆபீஸ் வைஃபையில் எல்லோரையும் உட்காரவைத்து, ஒரே மத்தியானத்தில் லூர்து அக்காவுக்கு அஞ்சு அஞ்சாகப் போடவைத்தேன். ஆப்காரன் என்னைவிடக் கெட்டிக்காரன். ஒரே இடத்திலிருந்து மழையாகக் கொட்டுகிறதே என்று அத்தனையையும் அழித்ததோடு, பழைய நாலு ஸ்டார்களிலும் பாதியைச் சந்தேகப்பட்டுத் தூக்கிவிட்டான். மாதக் கடைசியில் ஊர் பதினெட்டாவது இடத்தில் நின்றது. திருவிழாவுக்கு அழைப்பு இல்லை.

லூர்து அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "விடு தம்பி, எனக்கு அது விதிக்கல" என்று சொல்லிவிட்டு அடுப்பை விசிறிக்கொண்டிருந்தார். ரெண்டு நாள் நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

அண்ணாச்சி திரும்பி வந்தபோது ஒரு கையில் நோட்டு, இன்னொரு கையில் வயிறு. முப்பது கடைச் சரக்கும் உள்ளே போராட்டம் நடத்திக்கொண்டிருந்தது. ரசம் மட்டும் குடித்துக்கொண்டு அக்கா கடையில் வைத்து ரிப்போர்ட் படித்தார்.

"மொத எடத்து ஊருல மொதக் கடை. சோபா நல்லாருந்துது. அஞ்சு போட்டவன் ஒருத்தன்ட்ட, கோழி எப்படிலேன்னு கேட்டேன். ஆமா, கோழியும் இருந்துதுங்கான். அதே ஊருல அடிக் கடை. ஒருத்தரு ரோட்டோரம் காடை சுடுதாரு. ரெண்டே பேருதான் எழுதிருக்கானுவ, ஒருத்தன் சில்லறை தரலன்னு ஒத்த ஸ்டாரு. நான் தின்னுட்டு அழுதுட்டேம்லே. ஊருக்கு எப்படிலே ஸ்டாரு போடுவான்? ஊரு என்ன ஒரே மூட்டையா?"

"எங்கடை எத்தனாவது?" என்றார் அக்கா.

"ரெண்டாவது."

"ரெண்டாவதா?" கையிலிருந்த இடுக்கி பறந்து வந்து அண்ணாச்சியின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. பொய்யாக ஒரு 'முதல்' சொல்லியிருந்தால் அந்த நேரத்தில் அக்காவுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அந்த மனிதருக்கு அது வராது. "காடைக்காரரு முந்திட்டாரு தாயி, நான் என்ன செய்ய" என்றார்.

பிறகு நான் பண்ணின கூத்தையும் அழைப்பு இல்லாமல் போனதையும் கேட்டார். என்னைத் திட்டக்கூட மனசில்லாமல் எழுந்து போய்விட்டார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்கு முன்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. லூர்து அக்காவின் மகள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பட்டுச்சேலையில், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சம்பந்தியம்மாள். முகம் வெளிறியிருந்தது. கையில் எங்கள் ஆபீஸ் லெட்டர்பேடு.

சரக்கைப் பற்றி வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் தகராறு வந்தால், இரண்டு பேரையும் நேரில் நிறுத்தி மாதிரி எடுப்பது எங்கள் தொழிலின் முறை. கூட்டு சர்வே என்போம். அண்ணாச்சி அந்த முறைப்படியே, நாளும் இடமும் குறித்து அந்த அம்மாளுக்கு எழுதி, முத்திரை குத்தி அனுப்பியிருந்தார். 'தங்கள் சம்பந்தியின் தொழில் பற்றித் தாங்கள் கூறிவரும் விவரத்துக்கும் உள்ளபடியான சரக்குக்கும் வேறுபாடு காணப்படுகிறது. மாதிரி எடுக்கையில் ஒரு தரப்பு வராவிட்டால் மறு தரப்பின் கூற்றே இறுதியாகும்.' அந்த அம்மாள் கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்துக் கிடைத்த ரயிலில் ஏறி வந்துவிட்டார்.

லூர்து அக்கா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துக்கொண்டு ஓடினார். அண்ணாச்சி குறுக்கே நின்றார். "நாற்காலி கெடையாது. சாம்பிள்னா பொது வரிசையிலதான் எடுக்கணும். அம்மா, அங்கன அந்த டிரைவருக்குப் பின்னால நில்லுங்க."

சம்பந்தியம்மாள் நின்றார். பட்டுச்சேலையோடு, லாரி டிரைவருக்குப் பின்னால், எட்டாவது ஆளாக. அக்கா அடுப்புக்குப் பின்னாலிருந்து அந்த வரிசையைப் பார்த்தபடியே கையில் மீனோடு அசையாமல் நின்றுவிட்டார். அடுப்பு அணையப் பார்த்தது. அண்ணாச்சி விசிறியைப் பிடுங்கிக் குனிந்து விசிற ஆரம்பித்தார்.

முறை வந்ததும் அக்காவின் கை பெட்டியில் மேலாக இருந்த நல்ல மீனுக்குப் போனது. "அதில்ல. அடியில கெடக்கத எடு" என்றார் அண்ணாச்சி, தலையை நிமிர்த்தாமல். அக்கா அவரை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். ஆனாலும் அடி மீனைத்தான் எடுத்தார்.

சம்பந்தியம்மாள் நின்றுகொண்டே தின்றார். முதலில் விரல் நுனியால், பிறகு ஐந்து விரலாலும். முள் மட்டும் மிஞ்சிய இலையை மடித்தார்.

"எங்க தெருவுல எல்லார்கிட்டயும் ஏற்றுமதின்னு சொல்லி வெச்சிட்டேன் சம்பந்தி. தப்புதான். ஊருக்குப் போனதும் முதல் வேலையா இதைச் சொல்றேன். ஆனா அத்தனை பேரும் என்கூட ரயிலேறி வந்து நிப்பாங்க, நீங்கதான் சமாளிக்கணும்" என்றார்.

லூர்து அக்கா, "பொகை கண்ணுல அடிக்கி" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மகள் போய் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தியம்மாள் இன்னொரு மீனுக்காக மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

அண்ணாச்சி அப்போதும் விசிறிக்கொண்டுதான் இருந்தார். லெட்டர்பேடை எடுத்ததற்கு மறுநாள் மானேஜரிடம் வாங்கப்போகும் ஏச்சு அவருக்குத் தெரியும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை முழுக்கச் சாம்பல். அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல எனக்கு இருந்தது. வெட்கமாக இருந்தது. பக்கத்தில் போய், "அண்ணாச்சி, சட்டையில கரி" என்று மட்டும் சொன்னேன்.